"பேசுங்க சார்" என்று நான் கேட்டது

ராசாத்தி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. வழக்கம்போல உன் அம்மா மலையிலிருந்து இறங்கி, கூடையை ஆணியில் மாட்டி, கால் கழுவி, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்த பிறகுதான் உறையைப் பிரித்தேன். அவளுக்கு முந்தி நான் தனியாகப் படித்துவிட்டேன் என்று தெரிந்தால் இரண்டு நாளைக்கு என் தேத்தண்ணீரில் சீனி இருக்காது. இறம்பொடையில் அருவிச் சத்தத்தில் முதல் வாரம் முழுக்க உனக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்ததைக் கேட்டு, "இங்க இருந்தப்ப வெடியக்காலம் பெரட்டுக்கு ஆள் கூப்புடத் தப்பு அடிச்சாகூட எந்திரிக்க மாட்டா, மகாராணி" என்று சிரித்தாள். கன்னியாஸ்திரீகள் உன்னை நம்பி ஒன்பதாம் வகுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். எனக்கும் அதை இன்னொரு தடவை படிக்க ஆசையாகத்தான் இருந்தது.

அடுத்த பக்கத்தில் மலர் என்ற பிள்ளையைப் பற்றி எழுதியிருந்தாய். கெட்டிக்காரி, ஆனால் ஒரு மாதமாகக் கணக்குப் புத்தகத்தைத் திறப்பதே இல்லை. ஏன் என்று கேட்டால், "நாங்க இந்தியாவுக்குப் போகப் போறோம் டீச்சர், இதெல்லாம் படிச்சு என்ன செய்ய?" என்று எல்லார் முன்னாலும் திருப்பிக் கேட்டாள். உனக்குக் கோபம் வந்தது. "படிக்க இஷ்டமில்லைன்னா நாளைக்கே போய்க் கூடையைத் தூக்கு" என்று சொல்லிவிட்டாய். அன்றிலிருந்து ஆறு நாளாக அவள் பள்ளிக்கூடம் வரவில்லை. அதற்குக் கீழே நீ எழுதியிருந்ததை அப்படியே இங்கே திருப்பி எழுதுகிறேன்: "அதே வார்த்தையைத்தான், அப்பா, அன்றைக்கு அம்பலவாணர் மாஸ்டர் என்னிடம் சொன்னார். அந்த ரோசத்தில்தான் நான் படித்து வந்தேன். இவளுக்கும் ரோசம் வரட்டும்."

நான் யோசிக்காமல் இதையும் சத்தமாகப் படித்துவிட்டேன். உன் அம்மா அடுப்பில் ஊதிக்கொண்டிருந்த குழலைக் கீழே வைத்தாள். "கூடைன்னா சொன்னா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போய்விட்டாள். குடத்தில் ஏற்கெனவே தண்ணீர் நிறைய இருந்தது. அவள் திரும்பி வருவதற்குள் நான் முடிவு செய்துவிட்டேன், எட்டு வருஷமாக வயிற்றுக்குள் வைத்துக்கொண்டிருக்கிற ஒன்றை உனக்கு எழுதிவிட வேண்டும் என்று. இது புத்திமதிக் கடிதம் என்று நினைத்து முகத்தைச் சுளிக்காதே. முக்கால்வாசி நான் செய்த தப்பைப் பற்றியது. அதனால் சந்தோஷமாகவே படிக்கலாம்.

உன் ஒன்பதாம் வகுப்பு வருஷத்தை நினைத்துப் பார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு மற்றப் பிள்ளைகள் எல்லாம் நின்றுவிட, நம் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அட்டன் டவுனுக்குப் படிக்கப் போன ஒரே பிள்ளை நீ. மூன்று மைல் நடை. பனி விலகுவதற்குள் கிளம்பிவிடுவாய். வெள்ளைக் கவுனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குறுக்குப் பாதையில் அட்டைக்குப் பயந்து குதித்துக் குதித்துப் போவதை தேயிலை ஸ்டோரின் மேல்மாடியிலிருந்து நான் பார்ப்பேன். கொழுந்து வாட்டும் தட்டுகளுக்கு நடுவே ஒரு சன்னல் இருக்கிறதே, அங்கிருந்து பாதையின் இரண்டாவது வளைவு வரைக்கும் தெரியும். அந்த நேரத்தில் டீமேக்கர் ஐயா வந்தால், கொழுந்தை முகர்ந்து பார்ப்பது மாதிரி நடிப்பேன். வாழ்க்கையில் எனக்கு அதைவிடச் சந்தோஷமான வேலை ஒன்று இருந்ததாக ஞாபகம் இல்லை.

அந்த வருஷம்தான் நீ மாறிப்போனாய். சாப்பிட உட்கார்ந்தால் ரொட்டியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே இருப்பாய். கணக்கில் முப்பது மார்க் வாங்கி வந்தாய். கேட்டபோது என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. "படிச்சு என்னப்பா செய்யப் போறோம்? நமக்குப் பிரஜாவுரிமையே இல்ல. நமக்கு யாரு வேலை குடுப்பா?" என்றாய். மலர் கேட்டதும் இதைத்தான், தாயி. எட்டு வருஷத்துக்கு முன்னால் இதே கேள்வியை நீ கேட்டாய், அப்போது எனக்குப் பதில் தெரியவில்லை. இந்த மண்ணில் பிறந்த நம்மை ஒரு சட்டம் போட்டு ஊரில்லாதவர்களாக்கிய பிறகு, பிள்ளை கேட்கிற அந்தக் கேள்விக்கு எந்தத் தகப்பன் என்ன சொல்வான்? "வாயாடாம சாப்பிடு" என்றேன். அது ஒரு பதிலா?

மறுநாள் அரை நாள் லீவு கேட்டு வாங்கி, சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு உன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். உனக்கு இது தெரியாது. கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, பள்ளி விட்டு நீ போன பிறகு, அம்பலவாணர் மாஸ்டரைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர், கணக்கில் புலி, வெள்ளை வேட்டி, நெற்றியில் மூன்று கோடு, கையில் எப்போதும் குடை. அவர் முன்னால் நின்றதும் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டேன். "சார், புள்ள கொஞ்ச நாளா சரியில்லைங்க. நான் சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க கொஞ்சம் பேசுங்க சார். நீங்க பேசுனா கேட்டுக்கும்" என்றேன். அவர், "நீங்களே வந்து சொல்லுறீங்கள். சரி, நான் வடிவாப் பேசுறன்" என்றார். வடிவாக என்றால் அழகாக என்றுதானே நமக்கு அர்த்தம். என் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து அழகாக நாலு வார்த்தை பேசப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு, மூன்று மைலும் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

மறுநாள் நீ அழுதுகொண்டு வந்தாய். உன் கண் வீங்கியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் உன்னை எழுப்பி நிறுத்தி, தகப்பனைப் பற்றிய நினைப்பு இருக்கிறதா என்று தொடங்கி, கடைசியில் "படிப்பு வேண்டாமெண்டால் நாளைக்கே போய்க் கூடையைத் தூக்கு" என்று மாஸ்டர் சொன்னதைச் சொன்னாய். புத்தகப் பையை மூலையில் எறிந்தாய். "தூக்கச் சொன்னாருல்ல, தூக்குறேன்" என்று சொல்லி, மறுநாள் விடிந்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அம்மாவோடு மலைக்குப் போய்விட்டாய். நான் தடுக்கவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் அப்படி ஒரு ஆத்திரம். தோட்டத்துப் பிள்ளை என்று இளக்காரமாகப் பேசிவிட்டார் என்றுதான் நானும் நினைத்தேன். அவரிடம் நான் கேட்டது ஒன்று, அவர் செய்தது ஒன்று என்று கொதித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் போய்க் கேட்கத் தைரியம் வர ஐந்து நாள் ஆனது.

அந்த ஐந்து நாளில் மலையில் நடந்த ஒன்றை உன் அம்மா எனக்கு மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் மழையில் நனைந்துகொண்டு நீங்கள் இரண்டு பேரும் ஒரே நிரையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தீர்களாம். நீ மறுபடி அந்த வார்த்தையைச் சொல்லி அழுதாயாம். அவள் கையை நிறுத்தாமல், "அந்த சார் சொன்னது ஒரு பக்கம் இருக்கட்டும் புள்ள. கூடைன்னு சொன்னதுக்கு நீ இப்புடி அழுவுறியே, அதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாளாம். நீ அதை மறந்திருப்பாய். உன் அம்மா மறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை நிறைந்த குடத்தை எடுத்துக்கொண்டு அவள் ஏன் பீலிக்குப் போனாள் என்று இப்போது உனக்குப் புரியும்.

ஞாயிற்றுக்கிழமை நான் மாஸ்டரைத் தேடிப் போனேன். டவுனில் ஒரு கடைக்குப் பின்பக்கம், ஒரே அறையில் தனியாகக் குடியிருந்தார். சாரத்தைக் கட்டிக்கொண்டு பருப்புக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்து, "வாங்கோ, இருங்கோ. பிள்ளைக்குச் சுகமில்லையோ? அஞ்சு நாளாக் காணேல்லை" என்றார். நான் உட்காரவில்லை. நான் இவ்வளவு தூரம் நடந்து வந்து உங்களைக் கேட்டுக்கொண்டது இதற்குத்தானா, என் பிள்ளையை இப்படி அவமானப்படுத்தலாமா என்று கத்திவிட்டேன். அவர் திகைத்துப்போய், "நீங்கள்தானே ஐயா பேசச் சொன்னனீங்கள்? அதுதான் நல்லாப் பேசினன்" என்றார். "பேசத்தானே சார் சொன்னேன், ஏசவா சொன்னேன்?" என்றேன். பிறகு அவர் பருப்புச் சட்டியைக் கீழே வைத்தார். "ஐயோ கடவுளே. எங்கட ஊரிலை பேசுறதெண்டால் ஏசுறது. கதையுங்கோ எண்டு நீங்கள் சொல்லியிருந்தால், பிள்ளையைக் கூப்பிட்டு வைச்சுக் கதைச்சிருப்பனே" என்றார்.

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை, அவருக்கும் வரவில்லை. கூடையைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்னதைக் கேட்டு என் கோபம் எல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவர்கள் ஊரில் படிக்காத பிள்ளையை மாடு மேய்க்கப் போ என்று சொல்வது வழக்கமாம். அவருடைய வாத்தியாரும் அவரை அப்படித்தான் தினமும் சொன்னாராம், தகப்பனும் சொன்னாராம். "எங்கட பக்கம் மழையும் இல்லை, ஆறும் இல்லை. படிச்சு உத்தியோகம் எடுத்தால்தான் வீட்டிலை உலை கொதிக்கும். வாத்தியார் என்னைப் பேசாமல் விட்ட நாளிலை, என்னைக் கைவிட்டுட்டாரோ எண்டு எனக்குப் பயம் வந்திடும். இஞ்சை மாடு இல்லையே எண்டு நான் கூடை எண்டு சொன்னன். இஞ்சை எல்லாப் பிள்ளையளின்ரை தாய்மாரும் கூடை தூக்கிற ஆக்கள் எண்டு நான் யோசிக்கேல்லை" என்றார். அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன், ராசாத்தி. அவர் உன்னைக் கைவிடவில்லை என்பதற்கு அடையாளமாக ஏசியிருக்கிறார். உனக்கோ கைவிட்டதற்கு அடையாளமாகப் பட்டது. இரண்டும் தமிழ்தான்.

அவர் உடனே ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்தார். "வாங்கோ, இப்பவே வாறன். பிள்ளையிட்டை நானே சொல்லுறன்" என்றார். இங்கேதான் நான் முதல் தப்பைச் செய்தேன். அவர் நம் லயத்துக்கு வந்தால் எங்கே உட்கார வைப்பது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை, புகை படிந்த சுவர், ஒரு நாற்காலி கிடையாது. வேட்டி கட்டிய ஒரு மாஸ்டரைக் கோணிச் சாக்கில் உட்கார வைப்பதா? அதோடு, நீ அழுததற்கு நான்தான் காரணம் என்பது உனக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கமும் இருந்தது. "வேணாங்க சார், மழை வருது. நானே சொல்லிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தேன். நீ கையில் கறை போக எலுமிச்சைத் தோல் தேய்த்துக்கொண்டிருந்தாய். சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை.

நீ எப்படித் திரும்பப் பள்ளிக்கூடம் போனாய் என்பதற்கு இப்போது வருகிறேன். ரோசத்தில் போனேன் என்கிறாய். நான் பக்கத்தில் இருந்தவன், நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒன்பதாம் நாள் சாயங்காலம், கொழுந்து நிறுத்து முடிந்த நேரம், பக்கத்து வீட்டு மாரியாயி வந்தாள். புருஷன் செத்துப்போய் இரண்டு பிள்ளைகளோடு பிரஜாவுரிமைக்கு எழுதிப் போட்டிருந்தாளே, அவள். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு கடிதாசியை எடுத்து உன் கையில் கொடுத்தாள். முழுக்கச் சிங்களம். "கிளாக்கரையா நாளைக்கு வா, நாளைக்கு வான்னு மூணு நாளா விரட்டுறாரு. நீ டவுன்ல படிக்கிற புள்ள. இதுல என்னா போட்டிருக்குன்னு பாத்துச் சொல்லு கண்ணு" என்றாள். நீ அதை வாங்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்தாய். திருப்பிப் பார்த்தாய். உன் விரல் முதல் வரியிலேயே நின்றுவிட்டது. அவள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாளைக்குச் சொல்றேன் அக்கா" என்றாய். மறுநாள் விடிந்ததும் வெள்ளைக் கவுனை எடுத்து மாட்டிக்கொண்டாய். அம்மா கேட்டதற்கு, "குசுமாகிட்டக் காட்டணும்" என்று மட்டும் சொன்னாய். சன்னலில் நின்று பார்த்தேன். அன்றைக்கு நீ அட்டைக்குக்கூடப் பயப்படவில்லை, ஓடினாய்.

குசுமாவை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்பு வரும். கினிகத்தேனையில் ரொட்டிக் கடை வைத்திருக்கிறவரின் மகள், பக்கத்துச் சிங்கள வகுப்பில் படித்தவள். ஒரு தடவை நம் வீட்டுக்கு வந்து, "எங்க தாத்தா பாண் போடுறது" என்றாளே. பாவம், இந்த வயதிலும் கிழவர் அடுப்பில் வேகிறாரே என்று உன் அம்மா உருகிப்போனாள். சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்று நீ சொல்லி முடிப்பதற்குள் அந்த மனிதருக்காக இரண்டு தடவை உச்சுக்கொட்டிவிட்டாள். அந்தக் குசுமா மாரியாயியின் கடிதாசியைப் படித்து, அடுத்த வியாழக்கிழமை நுவரெலியாக் கச்சேரி ஆபீசுக்கு விசாரணைக்கு வரவேண்டும் என்று பாதித் தமிழில் சொன்னாள். அந்த வியாழக்கிழமைக்குள் தெரியாமல் போயிருந்தால் மாரியாயியின் விண்ணப்பம் அங்கேயே செத்திருக்கும். அன்றிலிருந்து நீயும் அவளும் சாப்பாட்டு நேரத்தில் எழுத்து மாற்றிக்கொண்டீர்கள், நீ அவளிடம் சிங்களம், அவள் உன்னிடம் தமிழ். உனக்குத் தமிழ் எதற்கு என்று நான் ஒரு நாள் குசுமாவிடம் கேட்டேன். கடைக்கு வருகிற தோட்டத்து ஆட்கள் அவள் அப்பாவைப் பார்த்து ஏதோ சொல்லிச் சிரிக்கிறார்களாம், அது என்னவென்று தெரிய வேண்டுமாம். படிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை. அதே குசுமா பரீட்சை அன்று காலையில் வெற்றிலை கொடுத்து வாத்தியார்கள் காலில் விழுந்தாள். நீ அதை அதிசயமாக வந்து சொன்னாய்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே மழையில், பிள்ளைகள் எத்தனை விதமாகப் படித்தார்கள் என்று பார். மாஸ்டரைப் போன்றவர்களை அவர் ஊரில் ஏச்சும் பயமும் வீட்டு உலையும் படிக்க வைத்தன. குசுமா கடையில் கேட்ட சிரிப்புக்கு அர்த்தம் தேடிப் படித்தாள். உன் முன்னால் ஒரு பெண்பிள்ளை கடிதாசியை நீட்டிக்கொண்டு நின்றாள். உத்தியோகம் இல்லை, உரிமை இல்லை, ஆனால் உன் படிப்பு அன்றைக்கே, அந்த வியாழக்கிழமைக்கே, ஒருத்திக்குத் தேவைப்பட்டது. நீ என்னிடம் கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரியாத பதிலை மாரியாயி கொண்டுவந்து கொடுத்தாள். கோபம் படிக்க வைக்காது என்று நான் சொல்லமாட்டேன். திரும்பிப் போன பிறகு உனக்கு அதுவும் சேர்ந்துகொண்டது. "அந்த ஆளுக்குக் காட்டணும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கணக்குப் போட்டாய், முதலாவதாகவும் வந்தாய். அதைப் பார்த்து நான் இரண்டாவது தப்பைச் செய்தேன். கோபம்தான் வேலை செய்கிறது, இருக்கட்டும், இப்போது போய் உண்மையைச் சொல்லி அதை ஏன் அணைக்க வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

மாஸ்டர் என்னைக் கடைத்தெருவில் காணும்போதெல்லாம், "சொல்லிப்போட்டீங்களோ?" என்று கேட்பார். முதல் தடவையே "சொல்லிட்டேங்க சார்" என்றேன். பிறகு அதையே சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாகிவிட்டது. நீ அவரைத் தாண்டித் தலையைத் திருப்பிக்கொண்டு போனாய். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணியபோது மற்ற வாத்தியார்களுக்கு எல்லாம் இனிப்புக் கொண்டுபோனாய், அவருக்குக் கொடுக்கவில்லை. அவருக்கு ஊருக்கு மாற்றலாகி, பிள்ளைகள் மாலை போட்ட அன்றைக்குத் தலைவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாய். நான் மட்டும் அட்டன் ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு டிரங்குப் பெட்டி, அந்தக் குடை, கழுத்தில் வாடின மாலையோடு உட்கார்ந்திருந்தார். "பிள்ளை வரேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். குடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "நீங்கள் அண்டைக்கே சொன்னனீங்கள்தானே?" என்றார். "சொன்னேங்க சார்" என்றேன். "ம். அப்ப பிள்ளைக்கு இன்னும் கோவம் ஆறேல்லை. பரவாயில்லை, படிச்சிட்டாள்தானே" என்றார். வண்டி கிளம்பியது. சன்னலில் கையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். தான் தெரியாமல் செய்த தப்பு என்று தெரிந்த பிறகும் ஒரு பிள்ளை தன்னை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் போனார். உன்னிடம் மறைத்ததைவிட அவரிடம் சொன்ன அந்தப் பொய்தான் என்னைக் குத்திக்கொண்டே இருக்கிறது.

இப்போது நீ அதே வார்த்தையை இன்னொரு பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். நான் மறைத்ததுதான் அங்கே இறம்பொடை வரைக்கும் போய் மலர் தலையில் விழுந்திருக்கிறது. மாஸ்டருக்காவது கூடை என்றால் என்னவென்று தெரியாது. உனக்குத் தெரியுமே, தாயி. நீ படித்த ஒவ்வொரு புத்தகமும் அந்தக் கூடையிலிருந்துதானே வந்தது. இதை உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை, குத்திக்காட்ட எனக்கு யோக்கியதை இல்லை. ஆறு நாளாகிறது என்கிறாய். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது பத்தோ பன்னிரண்டோ ஆகியிருக்கும். இலங்கை, இந்தியா இரண்டு அரசாங்கமும் பேசிக் கையெழுத்துப் போட்டு, யார் போவது யார் இருப்பது என்று தோட்டம் முழுக்கப் பேச்சாக இருக்கிற இந்த நேரத்தில், வீட்டோடு நின்ற பிள்ளை திரும்ப வராமலே கப்பல் ஏறிவிடுவாள். என்ன பிரயோசனம் என்று கேட்கிற பிள்ளை படிப்பை வெறுத்த பிள்ளை இல்லை. நீ வெறுத்திருந்தாயா? நீ என்னிடம் கேட்டது போலவே அவளுக்கும் உன்னிடம்தான் கேட்கத் தோன்றியிருக்கிறது.

அவளுக்கு என்ன பதில் சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்றே அவளிடம் சொல்லலாம். ஒன்று மட்டும் கேட்டுப் பார்: அவள் லயத்தில் இந்தியாவுக்குப் போகிறவர்களுக்கு வருகிற கடிதாசிகளை யார் படித்துச் சொல்கிறார்கள் என்று. இங்கே மாரியாயிக்கும் போகிற பட்டியலில்தான் பெயர் வந்திருக்கிறது. அன்றைக்கு அவள் வியாழக்கிழமை சரியாகப் போய் நின்றாள், எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்னாள், அப்படியும் முடியாது என்று எழுதிவிட்டார்கள். ஆனால் நீ வரவில்லை, அதனால் தள்ளிவிட்டோம் என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. அதை அவள் இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்கிறாள். போவதற்கு முன்னால் உன்னை ஒரு தடவை பார்க்க வேண்டும் என்கிறாள். தீபாவளிக்கு வரும்போது வா.

நேற்று மாஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதினேன். பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரில் இருக்கிறாராம், உன் பழைய பள்ளிக்கூடத்தில் விசாரித்து விலாசம் வாங்கினேன். முதல் வரியிலேயே, "சார், என் மகளிடம் நான் சொல்லவே இல்லை" என்று எழுதினேன். அதற்குப் பிறகு நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. விலாசத்தை இதோடு தனித் துண்டில் வைத்திருக்கிறேன். நீ எழுதுவதும் எழுதாததும் உன் இஷ்டம். என்மேல் கோபப்படுவதென்றாலும் படு, அது நியாயமான கோபம்தான். அம்மாவுக்கு மட்டும் தனியாக ஒரு வரி எழுது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அதனால்தான் சொல்கிறேன்.

ஆனால் அதற்கெல்லாம் முன்னால் மலர் வீட்டுக்குப் போ. டீச்சர் வந்துவிட்டார் என்றதும் அவள் அப்பா பதறுவார். எங்கே உட்கார வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்ப்பார், வாசலிலேயே பேசி உன்னை அனுப்பிவிடப் பார்ப்பார், மழை வருகிறது என்றுகூடச் சொல்வார். நீ திரும்பி வந்துவிடாதே. சாக்கை விரிப்பார்கள், அதில் அவள் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார். கொடுக்கிற தேத்தண்ணியைக் குடி. பிறகு அந்தப் பிள்ளையிடம் பேசு, ராசாத்தி. நம் ஊரில் பேசுவது போலப் பேசு.

அப்பா